கேள்வி – பதில்: “நம் குலத்தவர் அல்லாதவர் மனம் வேறாகவே இருக்கும்”

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்): சீன வரலாற்றுத் தொடர்களில் அயலாரைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், “நம் குலத்தவர் அல்லாதவர் மனம் வேறாகவே இருக்கும்” என்ற பொருளில் ஒரு தொடரைச் சொல்கிறார்கள். இது கன்பூசியஸின் வாக்கு என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். உண்மையில் இதை யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள்? நாம் சொல்லும் “தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்” என்பதைப் போன்றதுதானா?

பதில்: நீங்கள் குறிப்பிடும் தொடர் “ஃபெய் வோ ட்ஸு லெய், ச்சி ஷின் பி யி” என்பது. எட்டே எழுத்துகள், இரு பாதிகள். முதற்பாதி “எம் குலவகையைச் சேராதவர்” என்றும், பிற்பாதி “அவர் உள்ளம் வேறாகவே இருக்கும்” என்றும் பொருள்படும். இது கன்பூசியஸின் வாக்கு அன்று. அவர் பிறந்தது கி.மு. 551-இல், இந்தத் தொடர் ஏட்டில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியோ கி.மு. 587-இல் நடந்தது. இரண்டுமே லூ என்னும் ஒரே நாட்டைச் சேர்ந்தவை என்பதால் உங்கள் நண்பருக்குக் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

இன்றைய ஷாண்டோங் மாகாணத்தில் இருந்த லூ ஒரு சிறிய நாடு. வடமேற்கே இன்றைய ஷான்ஷி பகுதியில் ஜின் என்ற பெருநாடும், தெற்கே யாங்சி ஆற்றின் நடுப்பகுதியில் ச்சூ என்ற பெருநாடும் மேலாண்மைக்காகப் போட்டியிட்ட காலம் அது. கி.மு. 632-இல் செங்பு போரில் ஜின் வென்றது; 597-இல் பி போரில் ச்சூ வென்றது. இடையில் கிடந்த சிறிய நாடுகள், எந்தப் பக்கம் சாய்ந்தால் உயிர் பிழைக்கலாம் என்று ஆண்டுதோறும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. 587-ஆம் ஆண்டின் கோடையில் லூவின் ஆட்சியாளரான கோமகன் செங், ஜின் நாட்டுக்கு மரியாதை செலுத்தச் சென்றார். ஜின் ஆட்சியாளர் அவரை உரிய மதிப்புடன் வரவேற்கவில்லை. மனம் புண்பட்டுத் திரும்பிய செங், இலையுதிர் காலத்தில், ஜின்னின் உறவை முறித்துக்கொண்டு ச்சூவுடன் சேர்ந்துவிடலாம் என்று எண்ணினார்.

அப்போது தடுத்தவர் ஜி வென்ட்ஸி என்னும் அமைச்சர். எதையும் மூன்று முறை எண்ணிப் பார்த்த பின்பே செய்பவர் என்று பெயர் பெற்றவர். இரண்டு முறை எண்ணினாலே போதும் என்று கன்பூசியஸ் பிற்காலத்தில் அவரைப் பற்றிச் சொன்னதாக, அவருடைய உரையாடல்களின் தொகுப்பு நூலில் இருக்கிறது. கி.மு. 568-இல் அவர் இறந்தபோது, அவர் வீட்டுப் பெண்கள் பட்டு உடுத்தியதில்லை, அவர் குதிரைகள் தானியம் தின்றதில்லை என்று பழைய வரலாற்று நூல் அவரது எளிமையைப் புகழ்கிறது. ஆகவே வெறுப்பில் வெடித்துப் பேசும் ஒருவரின் வாய்ச்சொல்லாக இதை நாம் கேட்கக் கூடாது. அவர் சொன்னதன் சாரம் இது: ஜின் நெறி தவறியிருந்தாலும் அதை இப்போது எதிர்க்க முடியாது; அது பெரிய நாடு, அதன் அமைச்சர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள், நமக்கு அருகில் இருக்கிறது, மற்ற நாட்டுத் தலைவர்கள் அதன் சொல்லைக் கேட்கிறார்கள். இவ்வளவையும் சொன்ன பிறகு, “ஷி யீயின் ஏட்டில், எம் குலவகையைச் சேராதவர் உள்ளம் வேறாகவே இருக்கும் என்று உள்ளது, ச்சூ பெரியதாயினும் நம் குலமன்று, அது நம்மைப் பரிவுடன் பேணுமா?” என்று முடித்தார். கோமகன் தம் எண்ணத்தைக் கைவிட்டார்.

ஷி யீ என்பவர் சௌ அரசமரபின் தொடக்க கால அரசவை எழுத்தர். அவருடைய ஏடு இன்று கிடைக்கவில்லை. எனவே இந்தத் தொடர் முதன்முதலில் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதும் அதனுடன் மறைந்துவிட்டது. நமக்குக் கிடைப்பது, கி.மு. நான்காம் நூற்றாண்டு வாக்கில் உருப்பெற்ற ட்ஸுவோ ஜுவான் என்னும் வரலாற்று நூலில், ஜி வென்ட்ஸியின் வாயிலாக மேற்கோளாக வரும் வடிவம் மட்டுமே.

“குலவகை” என்பதை இங்கே எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. லூவின் ஆளும் குடும்பம் சௌ அரசமரபின் ஜி என்ற குலப்பெயரைத் தாங்கியது. ஜின் நாட்டின் ஆளும் குடும்பமும் அதே குலம். ச்சூவின் அரசர்களோ மி என்ற குலத்தவர். அக்காலத்தில் முன்னோர் வழிபாடும் அரசியல் உரிமையும் குலத்தோடு பிணைந்திருந்தன. அதே நூலில் வேறோர் இடத்தில், தன் வகையினர் அல்லாதவர் படைக்கும் பலியை ஆவிகள் ஏற்பதில்லை என்ற கருத்தும் வருகிறது. எனவே ஜி வென்ட்ஸி பேசியது இரண்டு அரச குடும்பங்களின் வம்ச உறவைப் பற்றி. கோடிக்கணக்கான மக்களை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வோர் இனத்தின் நெஞ்சுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று தீர்ப்பெழுதும் கருத்து அந்தச் சபையில் எழவே இல்லை. மேலும், உள்ளம் “வேறு” என்றுதான் தொடர் சொல்கிறது. “தீயது” என்றோ “வஞ்சகமானது” என்றோ சொல்லவில்லை. பிற்காலத்தார் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

நீங்கள் நினைவூட்டிய தமிழ்ப் பழமொழி, உறவின் இழுப்பைச் சொல்லி நின்றுவிடுகிறது. சீனத் தொடர், அந்த இழுப்பிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, உறவில்லாதவரை நம்பாதே என்கிறது. உறவுக்குத் தசை ஆடும் என்பதால் மற்றவருக்கு ஆடவே ஆடாது என்று ஆகிவிடாது.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): அந்த அமைச்சரின் கணிப்பு பலித்ததா? ஜின் நாடு உறவினராக நடந்துகொண்டதா?

பதில்: நான்கே ஆண்டுகளில் அவரே பதில் சொல்லிவிட்டார். கி.மு. 589-இல், ச்சி என்ற அண்டை நாட்டைத் தோற்கடித்த ஜின், முன்பு ச்சி கவர்ந்திருந்த வென்யாங் நிலங்களை லூவுக்கு மீட்டுக் கொடுத்திருந்தது. 583-இல், அரசியல் காற்று திசைமாறியதும், அதே நிலங்களை ச்சியிடம் திருப்பித் தருமாறு ஜின் தூதர் வந்து லூவைப் பணித்தார். தூதரை வழியனுப்பும்போது ஜி வென்ட்ஸி தனியே அவரிடம் பேசினார்: ஏழாண்டுகளுக்குள் ஒருமுறை கொடுத்தீர்கள், ஒருமுறை பறித்தீர்கள், இதைவிட நிலையற்ற மனம் வேறு உண்டா என்று கேட்டார். ஒரே குலம் என்று நம்பிய நாட்டின் உள்ளம்தான் அப்போது “வேறாக” இருந்தது. இந்த இரண்டு பேச்சுகளையும் ஒரே நூல் அடுத்தடுத்த பக்கங்களில் பதிவு செய்திருக்க, முதற்பேச்சு மட்டும் மக்கள் நாவில் தங்கியது எனக்கு வருத்தமளிக்கிறது.

ச்சூவும் அதற்கு முன் லூவுக்கு முற்றிலும் அந்நியமான நாடாக இருந்ததில்லை. 589-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ச்சூவின் படை லூவுக்குள் நுழைந்தபோது, மரவேலை, ஊசிவேலை, நெசவு ஆகியவற்றில் தேர்ந்தவர்களை வகைக்கு நூறு பேராகக் கொடுத்து, அரச குடும்பத்து இளைஞர் ஒருவரைப் பிணையாகவும் அனுப்பி லூ சமாதானம் செய்துகொண்டது. ஆகவே 587-இல் கோமகன் செங் எண்ணியது, கேள்விப்படாத துணிச்சல் அன்று. அமைச்சரின் வாதத்தின் உண்மையான வலிமை, ஜின் பெரியது, அருகில் இருக்கிறது என்ற முதற்பகுதியில்தான் இருந்தது. குலத்தைப் பற்றிய மேற்கோள், அரசரின் மனத்தைத் திருப்புவதற்காக இறுதியில் வைத்த முத்திரை என்பது என் கணிப்பு.

இதைவிடக் கசப்பான ஒரு சான்றும் அதே நூலில் உள்ளது. கி.மு. 655-இல், குவோ என்ற நாட்டைத் தாக்குவதற்கு யூ என்ற குறுநாட்டின் வழியே படை நடத்த ஜின் அனுமதி கேட்டது. இசைய வேண்டாம் என்று கோங் ஜிச்சி என்ற அமைச்சர் மன்றாடினார். உதடு போனால் பல் குளிரும் என்ற புகழ்பெற்ற பழமொழியை அவர் அப்போதுதான் எடுத்துரைத்தார். அதற்கு யூவின் தலைவர், “ஜின் நம் குலம், நமக்கா தீங்கு செய்யும்?” என்றார். ஜின் ஆட்சியாளர் தம் சொந்தப் பங்காளிகளின் கிளைகளையே கொன்றொழித்ததை அமைச்சர் நினைவூட்டியும் பயனில்லை. குவோவை அழித்துத் திரும்பும் வழியில் ஜின் படை யூவையும் விழுங்கியது. லூவிலும், கி.மு. 517-இல் கோமகன் ஜாவோவை நாட்டைவிட்டு ஓடச் செய்தவர்கள், ஜி வென்ட்ஸியின் சொந்த வழித்தோன்றல்களான ஜிசுன் குடும்பத்தார். அவர்களும் அரசரும் ஒரே இரத்தம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லூவை இறுதியாக அழித்து விழுங்கிய நாடு ச்சூதான். ஆனால் அதற்கு வெகுமுன்பே ஜின்னைக் கூறுபோட்டவர்கள் அதன் சொந்தப் பிரபுக்கள். மேலும், “நம் குலமன்று” என்று அன்று ஒதுக்கப்பட்ட ச்சூவின் கதி என்ன ஆயிற்று என்று பாருங்கள்: சீனக் கவிதையின் மூலவர்களுள் ஒருவராகப் போற்றப்படும் ச்சூ யுவான் அந்நாட்டவர். டிராகன் படகு விழா அவர் நினைவோடு சேர்ந்தது. ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங் பிறந்த ஊரும் முன்பு ச்சூவின் ஆட்சிப் பகுதியாக இருந்ததுதான். சீனர் தம்மை ஹான் மக்கள் என்று அழைத்துக்கொள்வதே அந்தப் பேரரசின் பெயரால்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): அரச குடும்பங்களைப் பற்றிய பேச்சு, பிறகு எப்போது வேற்று இனங்களைப் பற்றியதாக மாறியது?

பதில்: அந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் ஆவணம், கி.பி. 299-இல் மேற்கு ஜின் அரசின் அலுவலர் ஜியாங் தோங் எழுதிய “ரோங் மக்களை இடம்பெயர்த்தல் குறித்து” என்ற கட்டுரை. (இந்த ஜின் பிற்காலத்துப் பேரரசு, முன்பு சொன்ன நாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முந்தைய அரசமரபுகளின் தலைநகர்ப் பகுதியான குவான்சோங்கில் 296 முதல் 299 வரை தீ என்ற மக்களின் கிளர்ச்சி நடந்து அப்போதுதான் அடங்கியிருந்தது. அங்குள்ள பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் பாதிப்பேர் வேற்றினத்தார் என்று கணக்குச் சொல்லும் ஜியாங் தோங், ஜி வென்ட்ஸியின் மேற்கோளை அப்படியே எடுத்தாண்டு, அவர்களுக்கு வழிச்செலவுக்குத் தானியம் கொடுத்துப் பழைய நிலங்களுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். குலம் என்பது இங்கே இனமாகிவிட்டது. அரசு அவர் சொல்லைக் கேட்கவில்லை. 304-இல் சியோங்னு என்ற வேற்றின மக்களின் தலைவர் லியூ யுவான் தனியரசு அறிவித்தார். 311-இல் தலைநகர் லுவோயாங் வீழ்ந்தது. அன்றிலிருந்து, “பார்த்தீர்களா, ஜியாங் தோங் முன்பே சொன்னார்” என்பது சீன அரசவைகளில் நிலைத்த வாதமாயிற்று.

ஆனால் அந்தக் கட்டுரையையே முழுதாகப் படிப்பவருக்கு வேறொன்றும் தெரியும். அங்குள்ள அதிகாரிகளும் மக்களும் இந்த வேற்றினத்தாரை வலுவற்றவர்கள் என்று இழிவுபடுத்தி வந்ததால்தான் அவர்களுடைய மனக்கசப்பு எலும்புவரை நஞ்சாக ஊறியது என்று ஜியாங் தோங்கே எழுதுகிறார். காரணத்தைக் கண்ணால் கண்டு எழுதிவிட்டு, அதைத் திருத்துவதற்கு மாறாகப் பிறப்பின் மேல் பழியைப் போட்டதுதான் அவர் செய்த பிழை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேரரசை உள்ளே அரித்ததும் அயலார் அல்லர். 291 முதல் 306 வரை ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த எட்டு இளவரசர்களும் சிமா என்ற ஒரே குடும்பத்தார். தமக்குப் படை திரட்டித் தருவார் என்று நம்பி லியூ யுவானைத் தம் மக்களிடம் திரும்ப அனுமதித்தவரும் அவர்களுள் ஒருவரே.

இதே விவாதம் தாங் பேரரசில் மீண்டும் எழுந்தது. 630-இல் கிழக்குத் துருக்கியர் தோற்றுப் பெருந்தொகையாகச் சரணடைந்தபோது அவர்களை எங்கே குடியமர்த்துவது என்று பேரரசர் தாய்சோங் கேட்டார். நேர்மைக்குப் பேர்போன வெய் ஜெங், “இவர்கள் நம் குலவகை அல்லர், வலுப்பெற்றால் கொள்ளையடிப்பார்கள், வலுவிழந்தால் பணிவார்கள்” என்று சொல்லி, மேற்கு ஜின்னின் அழிவை எடுத்துக்காட்டினார். வென் யான்போ என்ற அமைச்சர், கல்விக்கு வகை வேறுபாடு இல்லை என்ற கன்பூசியஸின் சொல்லைக் கொண்டு மறுத்தார். தாய்சோங் வென் யான்போவின் பக்கம் நின்றார். ஏறத்தாழ பத்தாயிரம் துருக்கியக் குடும்பங்கள் தலைநகர் சாங்ஆனில் குடியேறின. 639-இல் துருக்கியத் தலைவர் ஒருவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு பேரரசரின் கோடை அரண்மனையைத் தாக்கியபோது, வெய் ஜெங்கின் சொல்லைக் கேட்காமல் போனோமே என்று தாய்சோங் வருந்தியதும், துருக்கியரை மஞ்சளாற்றுக்கு வடக்கே அனுப்பியதும் உண்மை.

இருந்தும், மூன்று ஆண்டுகள் கழித்து அதே பேரரசர் நடந்துகொண்ட விதம் என் மனத்தைத் தொட்டது. அவருடைய தளபதிகளுள் ஒருவர் ச்சிபி ஹெலி, புல்வெளி நாடோடி மக்களைச் சேர்ந்தவர். 642-இல் தம் தாயைப் பார்க்கச் சொந்த மக்களிடம் சென்றபோது, தாங் அரசை விட்டு ஷுவேயாந்துவோ என்ற வடபுல அரசின் பக்கம் சேர முடிவுசெய்திருந்த அம்மக்களே அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அந்த அரசரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே அவர் உடைவாளை உருவி, தாங் தலைநகரிருக்கும் திசையை நோக்கி உரக்க ஆணையிட்டு, தம் இடக்காதை அறுத்தெறிந்தார். இந்தச் செய்தி வருமுன் சாங்ஆன் அரசவையில் சிலர், “அந்த மக்கள் ஒரே வகையினர், மீன் தண்ணீரை நாடுவதுபோல ஹெலி அங்கே போய்விட்டார்” என்றார்கள். தாய்சோங், “இல்லை. ஹெலியின் உள்ளம் இரும்பும் கல்லும் போன்றது; என்னைக் கைவிட மாட்டார்” என்றார். உண்மை தெரிந்ததும் கண்ணீர்விட்டு, அரச குடும்பத்துப் பெண்ணை மணமுடித்துத் தருவதாக வாக்களித்து அவரை மீட்டார். 649-இல் தாய்சோங் இறந்தபோது, தாமும் உடன் இறந்து புதைக்கப்பட வேண்டும் என்று வேண்டியவர்கள், ச்சிபி ஹெலியும் ஆஷினா ஷெஅர் என்ற துருக்கியத் தளபதியும். அதைப் பேரரசர் முன்னரே தடுத்திருந்ததாகச் சொல்லி அனுமதி மறுக்கப்பட்டது.

பிற்காலத்தை விரைவாகச் சொல்கிறேன். 1367-இல் மங்கோலியரை விரட்டப் படையெடுத்த ஜூ யுவான்ஜாங்கின் அறிக்கைகூட, மங்கோலியர் “ஹுவாஷியா (சீன) குலவகை” அல்லர் என்று சொன்ன அதே வாக்கியத்தில், அவர்களும் வானுக்கும் மண்ணுக்கும் இடையே பிறந்தவர்களே, குடிமக்களாக இருக்க விரும்புவோரை வேறுபாடின்றிப் பேணுவோம் என்று உறுதி கூறியது. 1905-இல் மஞ்சு ஆட்சியை விரட்டுவதாகச் சூளுரைத்த சுன் யாட்-சென்னின் இயக்கம், 1912-இல் குடியரசு பிறந்ததும் ஹான், மஞ்சு, மங்கோலியர், முஸ்லிம்கள், திபெத்தியர் ஆகிய ஐந்து மக்களின் ஒன்றியம் என்று பேசத் தொடங்கியது.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதற்கு ஏதேனும் பதிவு உண்டா?

பதில்: உண்டு, அதுவும் ட்ஸுவோ ஜுவான் நூலிலேயே. கி.மு. 559-இல், ஷியாங் என்ற இடத்தில் நாடுகள் கூடிய மாநாட்டில், ஜின் நாட்டின் அமைச்சர் ஃபான் சுவான்ட்ஸி, ரோங் மக்களின் தலைவர் ஜூஜியைச் சபை நடுவே பழித்தார். மற்ற நாடுகள் ஜின்னுக்கு முன்போல் பணியாததற்குக் காரணம் இரகசியங்கள் வெளியே கசிவதுதான் என்றும், கசியவிட்டவர் ஜூஜியாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்லி, நாளைக்கு மாநாட்டுக்கு வந்தால் கைது செய்வேன் என்று மிரட்டினார்.

ஜூஜியின் மறுமொழியை நான் அந்நூலின் மிகச்சிறந்த பகுதிகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். எங்களுக்கு ஜின் கொடுத்த நிலத்தில் நரிகள் வாழ்ந்தன, ஓநாய்கள் ஊளையிட்டன. முட்புதரை வெட்டி, விலங்குகளை விரட்டி, அங்கே குடியேறினோம். அன்றிலிருந்து இன்றுவரை துரோகம் எண்ணாத குடிகளாக இருக்கிறோம் என்று தொடங்கினார். கி.மு. 627-இல் ஷியாவோ போரில் ச்சின் என்ற மேற்கு நாட்டின் படையை வீழ்த்தியதை நினைவூட்டி, மானைப் பிடிப்பதுபோல ஜின் கொம்பைப் பற்றியது, நாங்கள் காலைப் பற்றினோம், இருவரும் சேர்ந்தே சாய்த்தோம் என்றார். பிறகு, “எங்கள் உணவும் உடையும் உங்களுடையவை அல்ல, நமக்குள் காணிக்கைப் பரிமாற்றம் இல்லை, மொழி எட்டுவதில்லை. நாங்கள் என்ன தீங்கு செய்ய முடியும்?” என்று கேட்டார். வேறுபாட்டையே குற்றத்துக்குச் சான்றாக்கியவர்களிடம், அந்த வேறுபாட்டையே குற்றமின்மைக்குச் சான்றாக அவர் திருப்பி வைத்தார். மொழி எட்டுவதில்லை என்று சொன்ன அந்த மனிதர், பழைய பாடல் தொகுப்பிலிருந்து, பண்புடைய தலைவர் அவதூறை நம்பமாட்டார் என்ற கருத்தமைந்த “நீல ஈக்கள்” பாட்டைப் பாடிவிட்டு வெளியேறினார். ஃபான் சுவான்ட்ஸி மன்னிப்புக் கேட்டு, அவரை மாநாட்டில் பங்கேற்கச் செய்தார்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகி): இந்தத் தொடருக்கு நேர்மாறான கருத்துள்ள புகழ்பெற்ற சீனத் தொடர் ஏதேனும் சொல்ல முடியுமா?

பதில்: “தாய் மலை மண்ணைத் தள்ளுவதில்லை, அதனால் பெரிதாயிற்று, ஆறும் கடலும் சிற்றோடையை ஒதுக்குவதில்லை, அதனால் ஆழமாயின.” இது கி.மு. 237-இல் லி ஸி என்பவர் ச்சின் அரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் வருவது. அவ்வாண்டு, பிற நாடுகளிலிருந்து வந்து பணிபுரிவோர் அனைவரையும் வெளியேற்றுமாறு அரசர் ஆணையிட்டிருந்தார். ஹான் நாட்டைச் சேர்ந்த (இது பிற்காலத்து ஹான் பேரரசு அன்று, அக்காலத்து வேறொரு நாடு) ஜெங் குவோ என்ற நீர்ப்பாசன வல்லுநர், ச்சின்னின் ஆள்பலத்தைக் கால்வாய் வேலையில் கரைத்துவிடுவதற்காக அனுப்பப்பட்ட ஒற்றர் என்பது வெளிப்பட்டதே அந்த ஆணைக்கு வழிவகுத்தது. ச்சூவில் பிறந்த லி ஸியும் வெளியேற்றப்பட வேண்டியவர்களுள் ஒருவர். ச்சின் நாட்டை உயர்த்திய அமைச்சர்கள் பலர் வெளியூரார் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அவர் எழுதியதைப் படித்த அரசர் ஆணையைத் திரும்பப் பெற்றார். பிடிபட்ட ஜெங் குவோவும், நான் ஒற்றனாக வந்தது மெய், ஆயினும் கால்வாய் முடிந்தால் நன்மை ச்சின்னுக்கே என்று வாதாடினார். அவரைக் கொல்லாமல் வேலையைத் தொடரவிட்டார்கள். குவான்சோங்கின் உவர் நிலங்களை விளைநிலமாக்கிய அந்தக் கால்வாய் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.